கருவுறுமுன்பே வேண்டிய கவனம்

விதைத்த பின்னர் விதை நேர்த்தி செய்யும் உழவர் எவரும் இலர். மகப்பேற்றிலோ, கரு உண்டாகி இரண்டு மூன்று திங்கள் சென்ற பின்பே நாம் தாயைக் கவனிக்கத் தொடங்குகிறோம்.

குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக் குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிட வேண்டும். மூடாவிடில் முதுகெலும்புப் பிளவு முதலிய குறைகள் நேரும். தாம் கருவுற்றிருப்பதையே அப்போது பல பெண்கள் அறியார். ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்து இக்குறைகளைப் பெரிதும் தடுக்கிறது. இத்தகைய குழந்தையை முன்பே பெற்ற தாய்மாரிடம் நடந்த ஆராய்ச்சியில், அடுத்த குழந்தைக்கு இக்குறை நேர்வது 100க்கு 72 பங்கு குறைந்ததென 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

ஆதலால், குழந்தை வேண்டும் பெண் கருவுறுமுன்பே தொடங்கி, முதல் மூன்று மாதம் முடியும்வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உட்கொள்ளல் வேண்டும். முன்பு குறையுள்ள குழந்தையைப் பெற்றவருக்கு அளவு மிகுதி. அதனை மருத்துவரே கூறுவார். நீரிழிவு உள்ளவர் அதனை முன்னரே கட்டுக்குள் கொணர்தல் வேண்டும். ரூபெல்லாத் தடுப்பூசியையும் கருவுறுமுன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணப்பதால் பிறவிக் குறை நேரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்ப்பாராக.

குறையுடன் குழந்தை பிறந்தால், கிரகணத்தில் வெளியே வந்தாள் என்று தாயைப் பழிப்பதை நாம் ஊர்தோறும் கேட்கிறோம். கிரகணத்தால் எக்குறையும் நேர்வதில்லை. பல குறைகளுக்குக் காரணம் மருத்துவருக்கும் புலப்படுவதில்லை. அவளுக்கு வேண்டுவது பழியன்று, துணையே.

பஞ்சாயத்து உறுப்பினர்களே! உங்கள் ஊரில் திருமணம் நடந்தால் வாழ்த்துவதோடு நில்லாது, மணமக்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுப்பி வையுங்கள்.