மத்தாப்பால் பெயர் எழுதலாம்

கம்பி மத்தாப்பைப் படமெடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டுதான் விழுகிறதா? செல்போனில் 'புரோ' மோடுக்குப் போங்கள்.

1. மாடி விளக்கை அணையுங்கள். வெளிச்சமிருந்தால் படம் வெளுக்கும்.

2. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 10 விநாடி. கோடு முழுதாகப் பதிய அவ்வளவு நேரம் வேண்டும்.

3. போனை அரிசிப் பையில் சாய்த்து, டைமரில் எடுங்கள். விரல் பட்டாலே ஆடும்.

4. டார்ச் வெளிச்சத்தில் ஃபோகஸ் செய்து, மேனுவலில் நிறுத்துங்கள். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும்.

5. கேமராவைப் பார்த்து நின்று வழக்கம்போல எழுதுங்கள். எழுத்து இடவலம் மாறித்தான் விழும். பிறகு படத்தைத் திருப்பிக்கொள்ளலாம். (சட்டையில் வாசகம் இருந்தால் அதுவும் திரும்பும்!)

6. எழுதி முடித்ததும் அசையாமல் நில்லுங்கள். இன்னொருவர் தனி ஃப்ளாஷை முகத்தில் ஒருமுறை அடிக்கட்டும். அந்தக் கணத்து முகம் மட்டும் தெளிவாகப் பதியும். சுவாரசியமே இதில்தான்.

7. எரிந்த கம்பியைத் தண்ணீர் வாளியில் போடுங்கள். அணைந்த பிறகும் சுடும்.