டைகர் மாத்: மேல் இறக்கைக்கு முன்னும் பின்னும்

பூதிகோட்டையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒட்ட முடியுமா என்றால், தாராளமாக முடியும். கிட் பெட்டி ஒன்றுதான் வெளியிலிருந்து வரவேண்டும். மற்ற சாமான்களில் பெரும்பாலானவை பங்காரப்பேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ ஹார்டுவேர் கடை, மெடிக்கல், ஸ்டேஷனரி என்று ஒரு சுற்று போனால் கிடைத்துவிடும். ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதால் இங்கே அவர் படையின் ராக்கெட்டைப் பற்றிப் பேச்சு உண்டு. விமானப் பேச்சுதான் குறைவு.

ஒற்றை இறக்கை விமானங்களை ஒட்டிப் பழகியவர்கள்கூட இரட்டை இறக்கையில் தடுமாறுவார்கள். காரணம் வரிசை. பெட்டியோடு வரும் படத்தாளைப் பார்த்து ஒட்டிக்கொண்டே போய், மேல் இறக்கையையும் மாட்டிவிட்டு, அப்புறம்தான் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிடும். இரண்டு இறக்கைக்கும் நடுவே பிரஷ் நுழையாது, இறக்கைகளை இழுத்துக் கட்டும் கம்பிக்கு ஓட்டை போட இடம் இருக்காது. ஆகவே மேல் இறக்கை ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டியவை, ஏறிய பின் செய்ய வேண்டியவை என்று வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி வேலை முன்பாகத்தில்தான் வரும்.

எந்த விமானம்

முதல் இரட்டை இறக்கைக்கு டி ஹாவிலண்ட் டைகர் மாத் போல ஒன்று கிடையாது என்பது என் கட்சி. 1931 அக்டோபர் 26இல் முதலில் பறந்த பயிற்சி விமானம் இது. இரண்டாம் உலகப்போரின்போது பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் நம் பையன்கள் பறக்கக் கற்றுக்கொண்டது இதில்தான். பெங்களூர் எச்.ஏ.எல். 1951இல் பறக்கவிட்ட எச்.டி.-2, இதன் இடத்தை நிரப்பவே உருவானது. விமானப்படை பழுதுபார்த்து எடுத்த ஒரு டைகர் மாத், 2012 விமானப்படை நாளில் ஹிண்டனில் மறுபடி பறந்தது.

ஒட்டுகிறவருக்கு இதில் உள்ள சௌகரியம் வேறு. இறக்கைகளுக்கு நடுவே ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு ஜோடித் தூண்கள், கம்பிகளும் குறைவு. ஏர்ஃபிக்ஸ் 2014இல் புதிய வார்ப்பில் கொண்டுவந்த 1/72 கிட்டில் பாகங்கள் நன்றாகப் பொருந்தும். அசல் விமானத்தின் இறக்கை நீளம் 8.94 மீட்டர்; உங்கள் கையில் அது சுமார் 12.4 சென்டிமீட்டர். நம் விமானப்படை 1933 ஏப்ரலில் நான்கே வெஸ்ட்லண்ட் வாப்பிட்டி விமானங்களை வைத்துக்கொண்டு முதல் ஸ்குவாட்ரனைத் தொடங்கியது என்று படித்தவர்களுக்கு அந்த வாப்பிட்டிமேல் ஆசை வருவது நியாயம். ஆனால் அதில் பக்கத்துக்கு இரண்டு வரிசைத் தூண்கள். முதல் கிட்டாக வேண்டாம்.

பெங்களூருக்குப் போகிற வேலை இருந்தால் கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே இருக்கிறது. இரண்டு இறக்கை, நடுவே தூண், மூலைக்கு மூலை கம்பி: மரமும் துணியும் எப்படி ஒரு விறைப்பான கூடாகிறது என்பது நேரில் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். அதன் பிறகு படத்தாளில் உள்ள கோடுகள் வெறும் கோடுகளாகத் தெரியாது.

சாமான்கள்

மெடிக்கலில் 11ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடும் அதற்கான பிடியும். ஹார்டுவேரில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் எமெரி ஷீட், 400, 600, 1000 நம்பர்களில் ஒவ்வொன்று. நுனி தட்டையாக வெட்டும் சிறிய சைடு கட்டர், கூர்முனை ட்வீசர், மாஸ்கிங் டேப், துணிக் கிளிப். பிளாஸ்டிக் மாடலுக்கென்றே விற்கும் தண்ணீர் போன்ற பசையைக் கிட்டோடு சேர்த்தே ஆர்டர் செய்துவிடுங்கள். அதற்கு மாற்று இல்லை. அது ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. ஃபெவிக்விக் வேறு ரகம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. கண்ணாடிக்கு ஃபெவிகால். கம்பிக்கு ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் வாங்கும் நரம்பில் இருப்பதிலேயே மெல்லியது, 0.1 மில்லிமீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மேல் இறக்கைக்கு முன்

பாகங்களை, அவை கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடே, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கழுவி உலர்த்துங்கள். அச்சிலிருந்து வரும்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. சட்டத்திலிருந்து பாகத்தைப் பிய்க்கக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் காம்பு விட்டு வெட்டி, மிச்சத்தைப் பிளேடால் சீவி, 400இல் தேய்த்துச் சமன் செய்யுங்கள். தூண்களை மட்டும் இப்போது வெட்ட வேண்டாம். சட்டத்தில் இருக்கும்போதே பெயின்ட் அடித்துக்கொள்வது சுலபம்.

விமானிகள் உட்காரும் இரண்டு குழிகளையும் உடலை மூடுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். உள்பக்கம் சாம்பல் பச்சை, கருவிப் பலகை கறுப்பு, சீட் பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பை நூலாகக் கீறி ஒட்டினால் போதும். விமானி பொம்மை ஒன்றை மட்டும் வைப்பதானால் பின் சீட்டில் வையுங்கள்; டைகர் மாத்தைத் தனியாக ஓட்டுகிறவர் அங்கேதான் உட்காருவார்.

உடலின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, பிரஷ்ஷில் பசையைத் தொட்டு விளிம்பில் வைத்தால் அதுவே இடுக்கில் ஓடிப்போகும். விளிம்பில் பெயின்ட் இருந்தால் ஓடாது, முதலில் சுரண்டிவிடுங்கள். டேப் போட்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் கோடு தெரிந்தால் ஃபெவிக்விக்கோடு துளி சமையல் சோடா தூவி அடைத்து, கல்லாக இறுகுவதற்குள் தேய்த்துவிடுங்கள். அடுத்து கீழ் இறக்கையும் வால் இறக்கையும். கீழ் இறக்கை நுனிகள் சற்றே மேல்நோக்கி ஏறி நிற்க வேண்டும். இருபுறமும் ஒரே உயரமா என்று ஸ்கேலை மேசையில் நிறுத்திப் பாருங்கள்.

இனி ஓட்டைகள். கம்பி தொடும் ஒவ்வோர் இடத்திலும், மேல் இறக்கையின் அடிப்பக்கம் உட்பட, பென்சிலால் புள்ளி வைத்து, கைத்துரப்பணத்தில் 0.3 மில்லிமீட்டர் பிட்டை மாட்டிப் பாதி ஆழம் வரை துளையுங்கள். பிட் நடுங்கினால் முதலில் ஊசியால் ஒரு பள்ளம் குத்திக்கொள்ளுங்கள். இறக்கை மெல்லியது, மறுபக்கம் வந்துவிடக் கூடாது. அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போகிறவர்கள் பிற்பாடு கம்பியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுவார்கள்.

பெயின்டுக்கு நம் ஊர்ப்பக்கம் ஒரே எதிரி செம்மண் தூசி. மாசி, பங்குனியில் காற்று கிளம்புவதற்கு முன் அதிகாலையில் அடித்துவிடுங்கள். தரையில் தண்ணீர் தெளித்து, ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்குள் அடித்தால் தூசி பாதியாகும். மழைநாளில் ஸ்ப்ரே வேண்டாம். ஈரத்தில் பூச்சு வெளுத்துப்போகும். பயிற்சி விமானங்களுக்குப் பழக்கமான நிறம் மஞ்சள், மாடல் அடிக்கிறவர்களைப் பாடாய்ப்படுத்தும் நிறமும் அதுதான். சாம்பல் பிளாஸ்டிக்மேல் நேரே அடித்தால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். முதலில் வெள்ளை, அது நன்றாகக் காய்ந்த பின் மஞ்சள். ஓர் அடி தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக மூன்று தடவை. ஒரே தடவையில் மூட நினைத்தால் விளிம்பில் சொட்டு நிற்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

உடல், கீழ் இறக்கை, மேல் இறக்கையின் இரு முகங்கள், தூண்கள் எல்லாம் தனித்தனியாகக் காய்ந்த பின் ஒரு பளபளப்பு வார்னிஷ். அதன்மேல் தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்கள். நம் விமானப்படை வண்ணத்தில் செய்கிறவர்கள் கவனிக்க: வட்டக் குறியில் காவி வெளியே, வெள்ளை நடுவில், பச்சை உள்ளே. ஸ்டிக்கரின்மேல் மறுபடி வார்னிஷ். தூண் உட்காரும் குழிகளில் பெயின்ட் ஏறியிருந்தால் பிளேடு நுனியால் சுரண்டிவிடுங்கள்.

மேல் இறக்கை

அவசரப்படாமல் செய்ய வேண்டிய கட்டம் இது. முதலில் பசையில்லாமல் எல்லாத் தூணையும் வைத்துப் பாருங்கள். டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், அதை நேராக்க முயல வேண்டாம். முன் சீட்டில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியேற வழி விடவேண்டும் என்று நடுத்தூண்களை முன்னால் நகர்த்தினார்கள். அதனால் மாறிய சமநிலையைச் சரிசெய்ய இறக்கையைப் பின்னால் சாய்த்தார்கள்.

ஒட்டும்போது விமானம் அசையாமல் நிற்க ஒரு ஜிக், அதாவது தாங்கி, வேண்டும். தெருவில் பெமல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் யாராவது இருந்தால், அவரிடம் அந்த ஒரு வார்த்தை போதும். வேலைக்குத் தாங்கு கொடுத்தால்தான் அளவு நிற்கும் என்று ஐந்து நிமிடத்தில் அட்டையில் வெட்டிக் கொடுத்துவிடுவார். நீங்களே செய்வதானால், கெட்டி அட்டையில் உடலின் வடிவத்துக்குப் பள்ளம் வெட்டி இரண்டு துண்டுகளை மரக்கட்டையில் செங்குத்தாக நிறுத்துங்கள்.

உடலின்மேல் வரும் நடுத்தூண்களை முதல் நாள் ஒட்டி, கோணம் பார்த்து, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மேல் இறக்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, வெளித்தூண்களை அதன் குழிகளில் ஒட்டுங்கள். பசை ரப்பர் பதத்தில், கொஞ்சம் அசைய இடம் கொடுக்கும்போது, விமானத்தைத் தலைகீழாகத் திருப்பி அதன்மேல் இறக்குங்கள். எல்லா முனைகளும் குழிக்குள் போனதும் மீதிப் பசையைத் தொடுங்கள். உடனே நிமிர்த்தி ஜிக்கில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி முன்னாலிருந்து பாருங்கள்: மேலும் கீழும் இறக்கைகள் இருபுறமும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். பிறகு ஒரு நூலால் மேல் இறக்கை நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து, மறுபுறமும் அதே நீளமா என்று ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இந்தப் பத்து நிமிடத்துக்குள் திருகித் திருத்தலாம், அதற்குப் பிறகு பிளாஸ்டிக் கேட்காது.

அதன் பிறகு

கம்பிகளில் இரண்டு ஜாதி. உடலின் அடியிலிருந்து கிளம்பி வெளித்தூணின் தலைக்கு ஏறுபவை, பறக்கும்போது இறக்கையை மேலே போகவிடாமல் பிடிப்பவை. மேலே நடுவிலிருந்து வெளித்தூணின் காலுக்கு இறங்குபவை, தரையில் நிற்கும்போது இறக்கையைத் தாங்குபவை. உள்ளிருந்து வெளியே என்று போங்கள்; வெளியிலிருந்து தொடங்கினால் ட்வீசர் உள்ளே போக முடியாது.

நரம்பென்றால் ஒரு முனையை ஓட்டையில் நுழைத்து ஊசி நுனியில் எடுத்த ஃபெவிக்விக் துளியால் பூட்டுங்கள். மறுமுனையில் துணிக் கிளிப்பைத் தொங்கவிட்டு, அந்த இழுப்பிலேயே இரண்டாவது துளி. நரம்பு கிடைக்காதவர்களுக்கு நான் சொன்ன வழி: பாகங்களை வெட்டியபின் மிஞ்சும் சட்டத் துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்துச் சுற்றுங்கள். நடு தொய்ந்து பளபளத்ததும் சுடரை விட்டு வெளியே எடுத்து, இரு கையாலும் சீராக இழுங்கள். முடி மாதிரி ஒரு கம்பி வரும். வேகமாக இழுத்தால் இன்னும் மெல்லியது. அளவெடுத்து வெட்டி இரு முனையிலும் ஃபெவிகால் தொட்டு வையுங்கள். தொய்வாக இருந்தால் ஊதுபத்தியைப் பற்றவைத்து, கனலை அதன் கீழே ஒட்டாமல் நகர்த்துங்கள். சட்டென்று சுருண்டு நாண் போல விறைக்கும். அரை நொடி அதிகம் நின்றால் அறுந்துவிடும், ஆகவே முதலில் வேறு துண்டில் பழகிக்கொள்ளுங்கள்.

சக்கரம், புரொபெல்லர் எல்லாம் கடைசியில். கண்ணாடித் துண்டுகளை ஃபெவிகாலில்தான் ஒட்ட வேண்டும். ஃபெவிக்விக்கின் ஆவி பட்டால் வெள்ளை மூட்டம் படிந்துவிடும். இடது வெளித்தூணில் காற்றழுத்தம் பார்க்கும் சின்னக் குழாய் ஒன்று நிற்கும். அதுதான் முதலில் உடையும், ஆகவே எல்லாவற்றுக்கும் பிறகு ஒட்டுங்கள். மங்கல் வார்னிஷ் வேண்டுமென்றால் கண்ணாடி ஏறுவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திறந்த ஷெல்பில் வைத்தால் ஒரே மாதத்தில் கம்பியெல்லாம் செம்மண் பூத்துவிடும், துணியால் துடைத்தால் கம்பி போய்விடும். மிட்டாய்க் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற கண்ணாடிப் பெட்டி ஒன்று பழைய சாமான் கடையில் தேடுங்கள். சக்கரத்தடியில் இரண்டு துளி ஃபெவிகால் வைத்து அடிப்பலகையோடு நிறுத்திவிட்டால், பெட்டியைத் தூக்கும்போது விமானம் ஓடாது.