பழங் கணிப்பொறிகளும் பாடும் நாடாக்களும்

இங்கிலாந்து நாட்டின் ஊர்களில் விடுமுறை நாள்களில் ஒரு வகைக் கூட்டம் நடப்பதுண்டு. மேடை கிடையாது, சொற்பொழிவும் கிடையாது. ஊர்ப் பொதுக்கூடம் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஓர் அட்டைப் பெட்டியைச் சுமந்து வருவார்கள். அதனுள்ளே இருப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய வீட்டுக் கணிப்பொறி.

மாணவ நண்பர்களே! தபால்தலை சேர்ப்பது போல இதுவும் ஒரு பொழுதுபோக்குத்தானே என்று நீங்கள் நினைக்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தபால்தலையை ஏட்டில் ஒட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது. கணிப்பொறியோ இயங்கினால்தான் கணிப்பொறி. இல்லையேல் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. அதை இயக்க வேண்டுமானால் உங்கள் இயற்பியல் பாடநூலில் உள்ள பல செய்திகள் தேவைப்படும். எப்படி என்று பார்ப்போமா? அப்படிப்பட்ட ஒரு கூடத்திற்குள் நாம் நுழைவதாக வைத்துக்கொள்வோம்.

மேசைமேல் இருப்பவை

முதல் மேசையில் ஒரு நோட்டுப் புத்தக அளவில் கறுப்பு நிறப் பெட்டி ஒன்று இருக்கிறது. இதன் பெயர் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம். கிளைவ் சின்கிளேர் என்பவரின் நிறுவனம் 1982-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இதை வெளியிட்டது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டதன் விலை 125 பவுன். 48 கிலோபைட் கொண்டதன் விலை 175 பவுன். இதன் மூளையாகிய இசட்-80 என்னும் சில்லு வினாடிக்கு 35 லட்சம் கடிகாரத் துடிப்புகளில் வேலை செய்கிறது. காட்சித் திரை தனியாக இல்லை. வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே திரை.

அடுத்த மேசைகளில் அமெரிக்காவின் கொமடோர் 64, இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ ஆகியவை இருக்கின்றன. பிபிசி மைக்ரோ நமக்கும் அயலானதன்று. 1984-இல் நம் நாட்டில் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தில், பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட கணிப்பொறி அதுவே.

மின்சாரம் கொடுக்குமுன்

பல ஆண்டுகள் பரணில் கிடந்த கணிப்பொறிக்கு இவர்கள் உடனே மின்சாரம் கொடுப்பதில்லை. முதலில் பார்ப்பது மின்தேக்கிகளைத்தான். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிய பின்னும் அதில் ஏற்ற இறக்கங்கள் எஞ்சி நிற்கும். அவற்றைச் சமன்செய்பவை மின்பகுபொருள் அடங்கிய மின்தேக்கிகள். காலப்போக்கில் அவற்றினுள் இருக்கும் திரவம் உலர்ந்துவிடுகிறது. மின்தேக்கும் திறன் குறைகிறது. அப்போது மின்னழுத்தம் நிலையாக இராது. 1 எது, 0 எது என்று சில்லுகளால் பிரித்தறிய முடியாமற் போகும்.

ஸ்பெக்ட்ரமில் இன்னொரு தொல்லை வெப்பம். வெளியிலிருந்து அதற்கு 9 வோல்ட் வருகிறது. சில்லுகளுக்குத் தேவையானது 5 வோல்ட். எஞ்சிய 4 வோல்ட்டை உள்ளே இருக்கும் சீராக்கி வெப்பமாக மாற்றிவிடுகிறது. மின்னோட்டம் 1 ஆம்பியர் என்று கொண்டால் 4 வாட் திறன் வீணே வெப்பமாகிறது. பெட்டி எப்போதும் சூடாக இருப்பதற்கும், சுற்றியுள்ள உறுப்புகள் விரைவில் மூப்படைவதற்கும் இது ஒரு காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் பழைய கருவிகளை நீங்களாகத் திறக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக் கூடும்.

எண்களைப் பாடும் நாடா

இப்போது கூடத்தில் ஒரு விநோத ஒலி எழுகிறது. முதலில் நீண்ட ஊதல். அதன்பின் கரகரவென்று ஓர் இரைச்சல். தொலைக்காட்சித் திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடுகின்றன. பிறகு நீலமும் மஞ்சளுமாக மாறுகின்றன. ஸ்பெக்ட்ரம் ஒரு நிரலை ஏற்றிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்து? பாட்டுக் கேட்கப் பயன்பட்ட சாதாரண ஒலிநாடாக் கேசட்டிலிருந்து!

ஒலிநாடாவில் எண்களை எப்படிப் பதிவு செய்வது? வழி மிக எளியது. 0 என்பதற்கு ஒரு குறுகிய அதிர்வு. 1 என்பதற்கு அதைப்போல் இரு மடங்கு நீண்ட அதிர்வு. 0-வின் அதிர்வு சுமார் 0.49 மில்லிவினாடி நீடிக்கும். 1-இன் அதிர்வு சுமார் 0.98 மில்லிவினாடி. அதாவது 0-வின் அதிர்வெண் வினாடிக்கு ஏறத்தாழ 2,047. 1-இன் அதிர்வெண் அதில் பாதி.

ஒலி உரத்து வருகிறதா, மெல்ல வருகிறதா என்பதைக் கணிப்பொறி பெரிதாகக் கருதுவதில்லை. ஓர் அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது என்று மட்டும் எண்ணுகிறது. குறிப்பிட்ட எல்லைக்குள் முடிந்தால் 0. அதைத் தாண்டினால் 1. நாடாவின் வேகம் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடினாலும் குறைந்தாலும் 0.49 என்பது 0.98-ஐ நெருங்கப் போவதில்லை. விலை குறைந்த கேசட் கருவியையே நம்பி ஒரு கணிப்பொறியை விற்க முடிந்ததன் இரகசியம் இதுதான்.

0-க்களும் 1-களும் சரிபாதியாக இருப்பதாகக் கொண்டால் ஒரு பிட்டுக்குச் சராசரியாக 0.733 மில்லிவினாடி ஆகிறது. 48 கிலோபைட் என்பது 3,93,216 பிட்டுகள். நினைவகம் முழுவதையும் நிரப்ப 288 வினாடிகள், அதாவது ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவான நேரம் வேண்டும்.

ஒரு பாகைச் சாய்வு

இனிமேல்தான் இயற்பியலின் சுவை. மூன்றாவது மேசையில் ஒருவர் கேசட் கருவியின் மூடியைத் திறந்து, ஒரு சிறு திருகாணியை மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கிறார். காது ஒலியிலேயே இருக்கிறது. என்ன செய்கிறார் அவர்?

கேசட்டில் நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்பது நீங்கள் அறிந்த சமன்பாடு. 47.6 மி.மீ.-ஐ 2,047-ஆல் வகுத்துப் பாருங்கள். 0-வைக் குறிக்கும் ஓர் அலை நாடாவில் பிடிக்கும் இடம் 0.023 மி.மீ. மட்டுமே! 1-ஐக் குறிக்கும் அலைக்கு 0.046 மி.மீ. தலைமுடியின் தடிமனை விட மெல்லிய காந்தக் கோடுகள் இவை.

இக்கோடுகளைப் படிப்பது ‘ஹெட்’ என்று சொல்லப்படும் காந்தமுனை. அதிலுள்ள மெல்லிய பிளவு, நாடா ஓடும் திசைக்குச் சரியான செங்குத்தாக நிற்க வேண்டும். பதிவுத் தடத்தின் அகலம் 1.5 மி.மீ. பதிவு செய்த கருவியின் ஹெட்டுக்கும் படிக்கும் கருவியின் ஹெட்டுக்கும் இடையே ஒரு பாகை சாய்வு இருப்பதாகக் கொள்வோம். தடத்தின் மேல் ஓரத்திற்கும் கீழ் ஓரத்திற்கும் இடையே ஏற்படும் விலகல் 1.5 × டேன் 1 பாகை, அதாவது 0.026 மி.மீ.

இது 0-வின் அலைநீளத்தை விடச் சற்று அதிகம் அல்லவா? அப்படியானால் பிளவின் ஒரு பகுதி அலையின் முகட்டைப் படிக்கும்போது மற்றொரு பகுதி அகட்டைப் படிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 0-வின் குரல் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. அலைநீளம் கூடுதலான 1-இன் குரலோ பாதியளவாவது பிழைத்துவிடுகிறது. கணிப்பொறிக்கு எப்படிக் கணக்குப் புரியும்?

நாடாவில் செய்தி அழியவில்லை; படிக்கும் கோணம்தான் தவறு. அந்த நண்பர் ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் வரை திருகாணியைத் திருப்புகிறார். இறந்துவிட்டதாகக் கைவிடப்பட்ட நாடா மீண்டும் பேசுகிறது. உடனே அந்த ஒலியை இன்றைய கணிப்பொறி ஒன்றில் படியெடுத்து வைக்கிறார்.

கடைசி பைட்டின் காவல்

எடுத்த படி சரியானதா என்று எப்படித் தெரியும்? ஸ்பெக்ட்ரம் ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஒரு காவல் பைட்டைச் சேர்க்கிறது. எல்லா பைட்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு நிரலிலும் எத்தனை 1-கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரட்டைப்படை எனில் 0, ஒற்றைப்படை எனில் 1 என்று அடியில் எழுதுங்கள். அதுவே காவல் பைட்.

01000001
01000010
01000011

இம்மூன்றுக்கும் காவல் பைட் 01000000. படிக்கும்போது கணிப்பொறி மீண்டும் எண்ணிப் பார்க்கிறது. கணக்கு ஒத்து வராவிட்டால் ‘நாடாவை ஏற்றுவதில் பிழை’ என்று அறிவித்துவிடுகிறது.

பொறி இல்லாமற் போனால்

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரு வரலாற்றைக் கூறுகிறேன்.

1086-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்தார். ‘டூம்ஸ்டே’ எனப்படும் அந்தக் கணக்கேடு தோல் தாள்களில் எழுதப்பட்டது. 900 ஆண்டுகள் நிறைவுற்ற 1986-இல் பிபிசி நிறுவனம் அதற்கு ஒரு நவீனத் துணை ஏட்டை உருவாக்கியது. பள்ளிப் பிள்ளைகள் உள்படப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள் தங்கள் ஊரைப் பற்றிய செய்திகளையும் படங்களையும் அளித்தனர். யாவும் லேசர் தட்டுகளில் பதிவாயின. அவற்றைப் படிக்க, பிபிசி கணிப்பொறியும் அதற்கென்றே செய்யப்பட்ட தட்டு இயக்கியும் வேண்டும்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. அத்தகைய தட்டு இயக்கிகள் அரிதாகிவிட்டன. தட்டு இருந்தது, படிக்கப் பொறி இல்லை என்ற நிலை நெருங்கியது. தோல் தாளில் எழுதிய பழைய ஏட்டையோ, இலத்தீன் அறிந்தவர் அன்றும் படிக்கலாம், இன்றும் படிக்கலாம். 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணிப்பொறியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல் ஒன்றை எழுதி அந்தச் செய்திகளை மீட்டார்கள். பழைய பொறி உள்ளே எப்படி வேலை செய்தது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தால்தான் அத்தகைய நிரலை எழுத முடியும்.

ஆகவே செய்தியைப் பதிவு செய்வது பாதி வேலைதான். படிக்கும் பொறியும், அப்பொறியின் இயல்பை அறிந்த மனிதரும் இருந்தால்தான் அது நிலைக்கும். ஊர்க்கூடத்தில் கூடும் அந்தப் பத்துப் பதினைந்து பேர் அந்த அறிவைத்தான் காத்து வருகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கேசட்டுகள் இருக்கக் கூடும். தாத்தாவின் குரலோ, ஒரு திருமணத்தின் நாகசுர இசையோ அவற்றில் இருக்கலாம். ஒலி மங்கிக் கேட்டால் அழிந்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். ஹெட்டின் சாய்வும் அதில் படிந்த அழுக்கும் காரணமாக இருக்கலாம். வெயிலும் காந்தமும் படாமல் வையுங்கள். வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, ஹெட்டைத் துடைத்து, சாய்வைச் சரிசெய்து, விரைவில் படியெடுத்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

மேலே கண்ட மூன்று பைட்டுகளும் காவல் பைட்டும் நாடாவிலிருந்து 01000001, 01000110, 01000011, 01000000 என்று வந்தன. பிழை எந்த நிரலில்? எந்தப் பைட்டில் என்று காவல் பைட்டைக் கொண்டு சொல்ல முடியுமா? ஒரே நிரலில் இரண்டு பிழைகள் நேர்ந்தால் என்ன ஆகும்?

விடை: பிழை இடப்பக்கத்திலிருந்து ஆறாவது நிரலில். எந்தப் பைட்டில் என்று காவல் பைட்டால் சொல்ல முடியாது. ஒரே நிரலில் இரண்டு பிழைகள் நேர்ந்தால் எண்ணிக்கை மீண்டும் ஒத்துவிடும். பிழை அகப்படாமல் தப்பிவிடும்.