கடன் அவள் பேரில், காசு யார் கையில்?

கேள்வி: எங்கள் தெருவில் மகளிர் குழுக் கடன் வாங்காத வீடே இல்லை. பணம் வந்த அன்றே ஆண்கள் கைக்குப் போய்விடுகிறது; தவணை கட்டுவது மட்டும் பெண்கள். இதுவா பொருளாதாரச் சுதந்திரம்?
— ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: இல்லை. இதற்குப் பேர் ஜாமீன் கையெழுத்து!

கடனை விட முக்கியம், அவள் பேரில் இருக்கும் சேமிப்பு. 1974-ல் அகமதாபாத்தில் இளா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களுக்கான ‘சேவா’ சங்கத்தின் பெண்கள் 4,000 பேர், ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியே தொடங்கினார்கள். காய்கறிக்காரிகள், சுமை தூக்குபவர்கள், பழந்துணி விற்பவர்கள். பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் என்ன? பாஸ்புக்கில் புகைப்படத்தை ஒட்டினார்கள். முகமே கையெழுத்தானது.

இன்னொன்று, நடமாட்டம். 90-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. பஸ்ஸுக்கும் வீட்டுக்காரருக்கும் காத்திராமல், பின்சீட்டில் கூடையைக் கட்டிக்கொண்டு நாலு ஊர் போய் விற்க முடிந்தது.

உங்கள் தெருவுக்கு வருவோம். அடுத்த குழுக் கூட்டத்தில், “கடன் எதற்கு, அதை யார் நடத்தப்போகிறார்கள்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஆடு வாங்கினாலும் தையல் மிஷின் வாங்கினாலும் ரசீது அவள் பேரில் இருக்கட்டும். ஏடிஎம் கார்டு எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். “அவர் சட்டைப் பையில்” என்றால், வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.