பறவைகளை எழுதிக் கொடுத்துவிடாதே

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய, அந்த நோட்டுப் புத்தக நிறுவனத்தின் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். நான்கு பக்கம்தான். மூன்றாம் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு வாக்கியத்துக்காகத்தான் போனில் பேசாமல் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வரைந்த பன்னிரண்டு ஏரிப் பறவைகளையும், அந்த நாமக்கோழி, பாம்புத்தாரா, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாவற்றையும், நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும், எல்லா வடிவங்களிலும் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறது அந்த வாக்கியம். பதிலுக்கு ஒரே தடவையாக 40,000 ரூபாய். நோட்டுப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இருக்கும், உன் பெயர் இருக்காது. "இவ்வளவு பணத்தை மொத்தமாப் பார்த்ததே இல்லை மாமா, சரின்னு சொல்லிடவா?" என்று கேட்டிருக்கிறாய்.

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே. அவர்களோடு தொழிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வடிவத்தில் வேண்டாம் என்கிறேன்.

சின்ன வயதில் நீ பீட்டர் முயல் புத்தகத்தைக் கீழே வைக்கவே மாட்டாய். அதை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டரைக் குழந்தை எழுத்தாளராகத்தான் எல்லாருக்கும் தெரியும். ஒரு சின்னத் தொழிலைத் தன் விருப்பப்படி கட்டி எழுப்பிய பெண்ணாகவும் அவரைப் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன். 1866-ல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஆனாலும் தானாகச் சம்பாதித்த காசு என்று கையில் எதுவும் இல்லை. 1890-ல், இருபதுகளில் இருந்தபோது, வீட்டில் வளர்த்த முயலைப் பார்த்து வரைந்த வாழ்த்து அட்டைப் படங்களை ஒரு கம்பெனிக்கு 6 பவுண்டுக்கு விற்றார். அதுதான் முதல் வருமானம். எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து சில தவளைப் படங்களை நிஸ்டர் என்ற இன்னொரு பதிப்பாளருக்கு விற்றார். ஆண்டுகள் போயின. ஜெரமி ஃபிஷர் என்ற தவளையின் கதையைப் புத்தகமாக்க நினைத்தபோது, தான் வரைந்த தவளைகளைத் தானே காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் புத்தகம் 1906-ல் வந்தது. நிஸ்டர் தர மறுத்திருந்தால் அவரால் எதுவும் செய்திருக்க முடியாது. உன் நாமக்கோழிக்கு நாளை நீ ஒரு கதை எழுத நினைக்கலாம். அன்றைக்கு நீ யாரிடம் போய்க் கேட்பாய்?

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் வரைபவருக்கு ஓரளவு துணை நிற்கிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீ படத்தை வரைந்து முடித்தவுடனே உரிமை உன்னுடையது. பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. உன் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது இருக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று அந்தத் தாளில் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த மூன்றாம் பக்க வாக்கியம் நிரந்தரம், உலகம் என்று இவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தயாரித்தவருக்குச் சட்டம் நன்றாகத் தெரியும். நீயும் தெரிந்துகொள்.

இன்னொன்றையும் மனதில் வை. யாராவது பணம் கொடுத்து, "எங்களுக்காக இந்த ஓவியத்தை வரைந்து கொடு" என்று கேட்டு நீ வரைந்தால், வேறு ஏற்பாடு இல்லாத பட்சத்தில் அதன் முதல் உரிமையாளர் அவர்தான். மாதச் சம்பளத்தில் வரைந்தாலும் பெரும்பாலும் முதலாளிக்கே போகும். ஆகவே ஆர்டர் பிடிக்கும்போது, தூரிகையைத் தொடுவதற்கு முன்பே, உரிமை என்னுடையது என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடு. மின்னஞ்சலில் அவர்கள் ஒப்புக்கொண்டதோடு விட்டுவிடாமல் கையெழுத்தும் வாங்கு.

பாட்டரின் முயல் முதலில் தோன்றியது ஒரு கடிதத்தில். 1893 செப்டம்பர் 4 அன்று, உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, படம் வரைந்து கதை சொல்லி எழுதிய கடிதம் அது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கடிதத்தை அவனிடமிருந்து இரவல் வாங்கி, கதையை விரித்துப் பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். வரிசையாகத் திருப்பி அனுப்பினார்கள். பெரிய அளவில், விலை கூடிய புத்தகமாக இருந்தால் பார்க்கலாம் என்பது ஒரு பேச்சு. அவருக்கோ சின்னக் கைகளில் அடங்கும் புத்தகம் வேண்டும். 6 ஷில்லிங்குக்கு ஒரு புத்தகம் போடுவதைவிட 1 ஷில்லிங்குக்கு இரண்டு மூன்று புத்தகம் போடவே அவர் விரும்பினார். வாங்கப்போகிறவர் யார், அவர் கை எவ்வளவு பெரியது, பையில் என்ன இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. உன் தொழிலுக்கு வேறு எந்தப் பாடமும் வேண்டாம் என்றுகூடத் தோன்றுகிறது, இந்த ஒரு தெளிவு இருந்தால்.

1901 டிசம்பரில் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சடித்தார். முகப்புப் படம் மட்டும் வண்ணம், உள்ளே கறுப்பு வெள்ளை. தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார், விற்றார். தீர்ந்துபோனதும் இன்னும் 200. இதற்குள் ஃபிரடெரிக் வார்ன் நிறுவனம், படங்களை வண்ணத்தில் வரைந்து தந்தால் வெளியிடுகிறோம் என்று வந்தது. 1902 அக்டோபரில் 8,000 பிரதிகளோடு வந்த அந்தப் பதிப்பு, ஆண்டு முடிவதற்குள் 28,000-ஐ எட்டியது.

அச்சகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த 250 என்ற எண் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீ சொந்தமாகப் போட்டு விற்கும் நோட்டுகளுக்கு, உன்னிடம் திருவல்லிக்கேணி அச்சகக்காரர், ஆயிரம் போட்டால் ஒன்றின் விலை பாதியாகிவிடும் என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது உண்மை. ஆஃப்செட்டில் பிளேட் செலவு பத்துக்கும் அதேதான், ஆயிரத்துக்கும் அதேதான். ஆனால் விற்காத எழுநூறு நோட்டு உன் கட்டிலுக்கடியில் கிடக்கும்போது அந்தப் பாதி விலைக்கு அர்த்தமில்லை. முதலில் டிஜிட்டலில் நூறு போடு. விலை கூடத்தான் செய்யும். எந்தப் பறவையை மக்கள் கையில் எடுக்கிறார்கள், எதைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்பது அந்த நூறில் தெரிந்துவிடும். ப்ரூஃபை மட்டும் நேரில் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார். திரையில் இருக்கும் நீலம் மேப்லித்தோ தாளில் அப்படியே வராது.

விலை விஷயத்தில் உன்னைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. தாள், அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு நோட்டுக்கு 70 ரூபாய் ஆகிறது, 150-க்கு விற்கிறேன், 80 மிச்சம் என்று எழுதியிருந்தாய். நீயே ஸ்டால் போட்டு விற்கும்வரை அந்தக் கணக்கு ஓடும். ஒரு கடை 40 சதவீதம் கமிஷன் கேட்டால் 60 ரூபாய் அங்கேயே போய்விடும். கையில் 90 வரும். அதில் 70 போனால் 20. உறை, ஆட்டோ, மூலை மடங்கிய பிரதிகள் எல்லாம் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். வேடந்தாங்கலில் நீ விடியற்காலையில் போய் உட்கார்ந்து வரைந்ததற்குக் கூலி எங்கே? 240 என்று வை. கடைக்கு 96 போனாலும் உனக்கு 74 நிற்கும். நேரில் விற்கும்போதும் அதே 240-க்கே விற்க வேண்டும். கடையில் ஒரு விலை, உன்னிடம் ஒரு விலை என்றால் அந்தக் கடைக்காரர் அடுத்த முறை உன் சரக்கை எடுக்க மாட்டார். 150-க்குக் கேட்பவர்களுக்கு அஞ்சலட்டை செய்து கொடு. பெரிய பொருளை மலிவாக்குவதைவிடச் சின்னப் பொருளைச் சரியான விலைக்குக் கொடுப்பது நல்லது.

வார்ன் நிறுவனத்தோடு நல்ல உறவில் இருந்த காலத்திலேயே பாட்டர் ஒரு காரியம் செய்தார். குளஸ்டர் தையல்காரர் கதையை 1902 டிசம்பரில் மறுபடி சொந்தச் செலவில் 500 பிரதி அச்சடித்தார். அதில் இருந்த பழைய பாட்டுகளைப் பதிப்பாளர் குறைக்கச் சொல்வார் என்று அவருக்குத் தெரியும். முதலில் தன் மனதுக்குப் பிடித்தபடி ஒரு வடிவம் உலகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தார். அடுத்த ஆண்டு வார்ன் தன் பதிப்பைக் கொண்டு வந்தபோது பாட்டுகள் குறைந்துதான் இருந்தன. அதை அவர் ஒப்புக்கொண்டார். பெரியவர்களோடு சேர்ந்து தொழில் செய்வதற்கும், முழுக்க அவர்கள் கைக்குப் போய்விடுவதற்கும் நடுவில் இப்படி ஒரு இடம் இருக்கிறது. நீ இருக்க வேண்டியது அங்கேதான்.

பிறகு பொம்மை. 1903-ல் பீட்டர் முயலைத் துணியில் தானே தைத்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே லண்டன் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு ஒரு பலகை விளையாட்டு. பின்னால் சுவர்த்தாள், தேநீர்க் கோப்பை. ஒரு முயலை வைத்து இத்தனை பொருள் செய்யலாம் என்று அந்தக் காலத்திலேயே அவருக்குத் தோன்றியது. அமெரிக்காவில் மட்டும் நிறுவனம் பீட்டர் முயலுக்குப் பதிப்புரிமை எடுக்கத் தவறிவிட்டது. 1904-லேயே ஃபிலடெல்ஃபியாவில் ஒருவர் திருட்டுப் பதிப்பு போட்டார். பாட்டருக்கு அதில் ஒரு காசு வரவில்லை, தடுக்கவும் வழியில்லை. பொம்மையை அவர் தானே பதிவு செய்து வைத்தது எவ்வளவு நல்ல காரியம் என்று இதிலிருந்து புரியும்.

நீ துணிப்பை, பீங்கான் கோப்பை என்று போகப் போவதாகச் சொன்னாயே, அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பொருள்மேல் வரும் வடிவமைப்பை டிசைன் சட்டப்படி பதிவு செய்ய முடியும் என்றிருந்தும் நீ பதிவு செய்யாமல், இயந்திரத்தில் 50-க்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவமைப்புக்கான பதிப்புரிமை போய்விடும். பதிவையும் பொருளை வெளியில் காட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு அப்புறம் போனால் புதியது இல்லை என்பார்கள். எந்தப் பொருளுக்கு இது பொருந்தும் என்பதில் நுணுக்கங்கள் உண்டு. பை அச்சடிக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கொடு, அந்தச் செலவு வீண் போகாது.

உன் தொழிலுக்கு வைக்கும் பெயருக்கு வருகிறேன். 'சென்னை நோட்ஸ்' என்று வைக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்வது கடினம், பக்கத்துக் கடைக்காரர் அதையே வைத்தால் தடுப்பதும் கடினம். வேறு யாரும் யோசிக்காத, சொன்னால் நினைவில் நிற்கிற ஒரு சொல்லைத் தேர்ந்தெடு. டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரை யாராவது எடுத்திருக்கிறார்களா என்று இலவசமாகத் தேடலாம். தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு பிரிவுக்கு 4,500 ரூபாய். தாள் பொருள்கள் 16-ம் பிரிவில் வரும். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பணம் வசூலாவதில் பாட்டரும் கஷ்டப்பட்டார். நிறுவனத்தின் கணக்கு வருவது வரவரத் தாமதமாயிற்று, ராயல்டி பாக்கி விழுந்தது. 1917-ல் நிறுவனத்தை நடத்திய ஹெரால்ட் வார்ன் போலி ஆவணக் குற்றத்துக்காகக் கைதானார். அப்போது அந்த நிறுவனம் அதிகமாகக் கடன்பட்டிருந்தது பாட்டரிடம்தான். கையை உதறிவிட்டுப் போகாமல் புதிய புத்தகம் கொடுத்து நிறுவனத்தை நிமிர்த்தினார். நிறுவனம் மூழ்கினால் தன் புத்தகங்களும் மூழ்கும் என்று தெரிந்தவர். நீ அந்த நிலைக்குப் போக வேண்டாம். கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேள், வராவிட்டால் அடுத்த சரக்கை அனுப்பாதே. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை இப்போதே செய்துகொள், அரசு தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். அந்தப் பதிவோடு பொருள் செய்து கொடுக்கும் சிறு தொழிலுக்கு, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் உண்டு.

பாட்டர் அந்தப் பணத்தை என்ன செய்தார் என்று நீ கேட்பாய். 1905-ல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். ஆண்டுக்கு ஆண்டு நிலம் சேர்த்து, ஹெர்ட்விக் இன ஆடு வளர்த்தார். 1913-க்குப் பிறகு புத்தகம் எழுதுவது குறைந்தது. விற்கும் முயல் இருக்கிறதே, ஓடிக்கொண்டே இருப்போம் என்று நினைக்கவில்லை. 1943-ல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச் சென்றார். அந்த மலைச்சரிவுகள் இன்றும் கட்டடம் ஆகாமல் இருப்பதில் அவருக்குப் பங்கு உண்டு. உனக்குப் பணம் எதற்கு என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசி. வாரத்தில் மூன்று நாள் ஏரிக்கரையில் இருக்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை என்றால், மாதம் முந்நூறு நோட்டு விற்கும் தொழில் போதும். மூவாயிரம் விற்கும் தொழிலில் நீ வரையவே மாட்டாய், பார்சல்தான் கட்டுவாய். எது வேண்டும் என்பதை நீதான் சொல்ல வேண்டும். உன் அம்மா சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.

அந்த நோட்டுப் புத்தக நிறுவனத்துக்கு நீ எழுத வேண்டிய பதில் இது. பன்னிரண்டு படங்களையும் நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும், இந்தியாவுக்குள் மட்டும், மூன்று ஆண்டுக்குப் பயன்படுத்த லைசென்ஸ் தருகிறேன். பதிப்புரிமை என்னிடமே இருக்கும். ஒவ்வொரு நோட்டிலும் என் பெயர் இருக்க வேண்டும். அச்சுக்கு முன் மாதிரியை எனக்குக் காட்ட வேண்டும். விற்பனை விலையில் 5 சதவீதம் ராயல்டி, 40,000 ரூபாயை அதற்கு முன்பணமாக எடுத்துக்கொள்கிறேன். படத்துக்கு ஆயிரம் நோட்டு, நோட்டு 200 ரூபாய் என்று வைத்தால்கூட மொத்தம் 24 லட்சம், உன் பங்கு 1,20,000. அவர்கள் 3 சதவீதம் என்று இறங்கினால் 72,000. அதுவும் பரவாயில்லை, ஒப்புக்கொள். பெயர் வேண்டாம் என்றால் முன்பணத்தைக் கூட்டிக் கேள். உரிமை நிரந்தரமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு.

கடிதத்தை அனுப்புமுன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. சனிக்கிழமை மாலை வீட்டில்தான் இருப்பேன், போன் பண்ணு.

அன்புடன்,
மாமா