உள்ளுறையும் ஓவியமும்: பழனிமலைப் பூக்கள்

தலைவியின் நெஞ்சை நேரே கூறாது, சுனையையும் பூவையும் வண்டையும் கூறி, அவற்றுள்ளே அவள் நிலையை வைத்துச் செல்வர் சங்கப் புலவர். தொல்காப்பியர் இதனை உள்ளுறை என்பார். ஆளை மறைத்துப் பொருளைக் காட்டும் இம்முறை ஓவியத்திலும் உண்டு.

சப்பானில் 'சுரிமோனோ' என்னும் அச்சோவியங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறந்து விளங்கின. இவை கடைச்சரக்கு அல்ல. பாப்புனையும் குழுவினர் தம் பொருட்செலவில் செய்வித்துப் பெரும்பாலும் புத்தாண்டில் நண்பர்க்கு வழங்கியவை. செர்ரி மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கொரு பலகையாக ஒற்றுவர். மை தடவாத பலகையை அழுத்தித் தாளில் புடைப்பு உண்டாக்குவதும் உண்டு. ரியூரியூக்யோ ஷின்சாய் என்பார், மனிதரின்றிப் பொருள்களை மட்டும் தீட்டுவதில் பெயர் பெற்றவர். அவருடைய ஓவியங்கள் சில 'இளவேனில் மழை' என்னும் தொகுதியில் ஒட்டப்பெற்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஓவியத்தின் அருகே பாட்டு நிற்கும். அப்பாட்டை அறிந்தவர்க்கே பொருள் வாய் திறக்கும்.

நம் பழனிமலைக்கும் ஏட்டில் பதிந்த ஓவியச் செல்வம் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் பி. எஃப். பைசன், நீலகிரி, பழனி மலைகளில் 6,500 அடிக்கு மேல் வளரும் பூஞ்செடிகளைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். கொடைக்கானலைச் சுற்றிச் செடிகள் திரட்டிய போர்ன் சீமாட்டியும் பைசனின் துணைவியார் டயானா ரூத்தும் வரைந்த கோட்டோவியங்கள் அவற்றை அணிசெய்கின்றன. பின்னர் திருச்சித் தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த அருட்தந்தை கே. எம். மத்தேயு, பழனிமலைச் செடிகளின் ஓவியத்தொகுதி ஒன்றை 1996இல் வெளியிட்டார். இவற்றில் பாட்டு இல்லை, உள்ளுறையும் இல்லை. இன்ன செடி இதுவே என ஐயமறக் காட்டுவதே நோக்கம்.

எனின், பாட்டுக்கு இவை அயலானவையோ? அல்ல. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டில் தேவகுலத்தார் குறிஞ்சியின் தண்டு கரியது என்கிறார்; அதன் பூவிலிருந்து தேன் இழைக்கப்படுவதையும் கூறுகிறார். செடியைக் கூர்ந்து நோக்கிய கண்ணே அங்கும் பாடியது. காதலின் பெருமையைக் கூறவந்த பாட்டில் தண்டின் நிறம் எதற்கு எனக் கேட்கும் மாணவர்க்குச் செடியைக் காட்டுவதே தக்க விடை. உரை மட்டும் போதாது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டும் இத்தகையதே. ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியதாகக் கூறப்படும் அந்நூலில் 99 பூக்கள் அடுக்கப்பெறுகின்றன. அயலார்க்கு நாம் பூக்களைச் சொல்லித் தமிழ் கற்பித்தோம். நம் மலைப்பூக்களை அயலாரே நமக்கு வரைந்து தந்தனர்! 99 பெயர்களையும் மூச்சுவிடாது ஒப்பிக்கும் மாணவர் பலர். அவற்றுள் பத்தைக் கண்டு அறிவோர் சிலரே. அவை யாவும் மலையுச்சியில் மலர்வனவும் அல்ல. தாமரையும் நெய்தலும் நீர்ப்பூக்கள்.

நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை உதிர்த்து மடிவது. அது வளர்ந்த புல்வெளிகள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டில் சீகை, பைன், தைல மரங்கள் நடப்பெற்றன. எஞ்சிய சரிவுகளில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. அப்போது கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும் தமிழ்த்துறை மாணவர், கபிலர் பாட்டையும் மத்தேயுவின் ஓவியத்தொகுதியையும் ஒருசேரக் கொண்டுசெல்க. ஏரியில் படகு விட்டபின், மீதிப் பொழுதில் பத்துப் பூக்களையேனும் இனங்காணலாம்.