இணைப்பு மாறியது, பிரிண்டர் நின்றது ஏன்?

பலசரக்குக் கடைக்குத் தராசு எப்படியோ, இன்று பில் போடும் பிரிண்டரும் அப்படியே. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, கையால் பில் எழுதி வந்த நம்மில் பலரும் கம்ப்யூட்டருக்கு மாறினோம். ஆனால் அது திடீரென நின்றால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே இந்த இதழில் ஒரு சிறு பாடம்.

திருவாடானை கடைத்தெருவில் கீழே கடை, மேலே வீடு என்றிருக்கும் ஒரு வணிகரை எடுத்துக்கொள்வோம். பகலில் கீழே பில் எடுக்கவும், இரவில் மேலே கணக்குப் பார்க்கவும் வை-ஃபையில் இயங்கும் ஒரே பிரிண்டர். மாதக் கட்டணம் குறைவு என்று இன்டர்நெட் இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றுகிறார். வந்தவர் புதிய ரூட்டரை மாட்டி, செல்போனில் படம் ஓடுவதைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். மறுநாள் காலை தொண்டிக்குச் சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது, பில் வரவில்லை. கம்ப்யூட்டரில் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது. "பிரிண்டர் போய்விட்டது, காரைக்குடியில் புதிது வாங்கிவிடலாம்" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். பிரிண்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

கோளாறு எங்கே?

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். நம் கம்ப்யூட்டரிலிருந்து நம் பிரிண்டருக்குப் பில் போவதற்கு வெளி இன்டர்நெட் தேவையில்லை. ரூட்டருக்கு இரண்டு வேலை. வெளியிலிருந்து லைனைக் கொண்டுவருவது ஒன்று. வீட்டுக்குள் உள்ள கருவிகளுக்கிடையே தபால்காரராக இருப்பது மற்றொன்று. பில் அச்சாவது இந்த இரண்டாவது வேலையால்தான். ஆகவே செல்போனில் இன்டர்நெட் ஓடுகிறது என்பதால் பிரிண்டரும் ஓடும் என்று சொல்ல முடியாது.

ரூட்டர் மாறும்போது இரண்டு பழைய நினைவுகள் சிக்கலாகின்றன. பிரிண்டர் பழைய வை-ஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் நினைவில் வைத்துத் தேடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரோ, பிரிண்டரின் பழைய விலாசத்துக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த விலாசத்தைத்தான் ஐ.பி. எண் என்கிறார்கள். நம் ஊர்களில் வீட்டுக் கதவில் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டு இருக்குமே, அதே சங்கதிதான். பழைய ரூட்டர் 192.168.1 என்று தொடங்கும் எண்களைத் தந்திருக்கும், புதியது 192.168.0 அல்லது 192.168.29 என்று தரலாம். தெருவே மாறிவிட்டது என்று கொள்க.

செய்ய வேண்டிய முறை

1. எல்லாவற்றையும் அணைத்து, முதலில் ரூட்டரைப் போடுங்கள். 3 நிமிடம் கழித்துப் பிரிண்டர், அதன்பின் கம்ப்யூட்டர். சில நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

2. பிரிண்டருக்குப் புதிய வை-ஃபையைச் சொல்லிக் கொடுங்கள். திரை உள்ள பிரிண்டரில் மெனுவில் வயர்லெஸ் பகுதி இருக்கும். திரை இல்லையென்றால், ரூட்டரில் டபிள்யூ.பி.எஸ். பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்தி, 2 நிமிடத்துக்குள் பிரிண்டரின் வை-ஃபை பொத்தானை அழுத்துங்கள். புதிய ரூட்டர்கள் பலவற்றில் 2.4, 5 என இரண்டு அலைவரிசை உண்டு. விலை குறைந்த பிரிண்டர்கள் பல 2.4-ஐ மட்டுமே அறியும். 'கெஸ்ட்' என்ற பெயரில் இருப்பதில் சேர்க்காதீர்கள். அது பிற கருவிகளைப் பார்க்க விடாது.

3. பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் விவரத் தாள் ஒன்றை எடுத்து ஐ.பி. எண்ணைப் பாருங்கள். அதன் முதல் மூன்று பகுதிகள் கம்ப்யூட்டரின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் இன்னும் அதற்கு எண் தரவில்லை என்று பொருள். மீண்டும் 2-ஆம் படிக்குப் போங்கள்.

4. கம்ப்யூட்டரில் தேங்கி நிற்கும் பில்களை முதலில் நீக்குங்கள். இல்லாவிட்டால் பலமுறை அழுத்தியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்து கணக்கைக் குழப்பும். பிறகு செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் பகுதிக்குச் சென்று பழைய பிரிண்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். வை-ஃபை 'பப்ளிக்' என்றிருந்தால் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள்.

5. லேன் கம்பியில் இயங்கும் சிறு பில் பிரிண்டர் வைத்திருப்போர் கவனிக்க: இவற்றில் எண்ணை நிலையாகப் பதித்து வைத்திருப்பார்கள். ரூட்டர் மாறினாலும் அது தானாக மாறாது. பெரும்பாலான மாடல்களில் அணைத்துவிட்டு, ஃபீட் பொத்தானை அழுத்தியபடியே போட்டால் சோதனைச் சீட்டு வரும். அதில் எண் இருக்கும். அந்த எண்ணைப் புதிய தெருவுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

வருமுன் காக்க

புதிய ரூட்டர் மாட்டும்போதே, பழைய வை-ஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்து மாறாமல் அதற்கும் வைக்கச் சொல்லுங்கள். பிரிண்டர், கேமரா, செல்போன் அனைத்தும் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். எண் மாறியிருந்தால் 4-ஆம் படி மட்டும் மிஞ்சும். ஆனால் வேலையை விட்டுப் போனவர்களுக்கும் பழைய பாஸ்வேர்டு தெரியும் என்றால், சிரமம் பாராமல் புதிதே வையுங்கள். பிரிண்டருக்கென ஓர் எண்ணை ரூட்டரிலேயே ஒதுக்கி வைக்கவும் வழி உண்டு. அதையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

பிரிண்டருக்கான யு.எஸ்.பி. கம்பி ஒன்று மேசையில் எப்போதும் இருக்கட்டும். வண்டி நிற்கும் நேரத்தில் அதை நேரே மாட்டிப் பில் எடுத்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கலாம். அச்சடித்த பில் புத்தகம் ஒன்றும் தனி வரிசை எண்ணுடன் இருப்பது நல்லது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள் பிற வணிகர்களுக்குத் தரும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். அவர்களுக்குக் கைப்பில் மட்டும் போதாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: இணைப்பு மாட்ட வந்தவரைச் செல்போனில் படம் ஓடியதும் அனுப்பிவிடாதீர்கள். நாம் மூட்டையை எடை போட்டுப் பார்த்துத்தானே இறக்குகிறோம்? அதுபோல, அவர் கிளம்பும் முன் நம் பிரிண்டரிலிருந்து ஒரு பில் வரட்டும். கையெழுத்தும் பணமும் அதற்குப் பிறகு.